சுகுமாரி நட்ட புழுக்கள்

1992-ஆம் ஆண்டு மே மாதம் ஆரியங்கோட்டில் சுகுமாரி நட்ட மரச்சீனிக் கம்புகளில் பாதி, புழுக்கள். அவளுக்கு அது தெரியாது. நட்டுக்கொடுக்க வந்த பொன்னுதாஸுக்கும் தெரியாது. தை மாதம் மரச்சீனி என்கிற மரவள்ளியைப் பிடுங்கியதும் தண்டுகளைக் கட்டாகக் கட்டிப் பலாமரத்து நிழலில் சாத்தி வைப்பதும், கோடைமழை விழுந்ததும் அவற்றைச் சாண் நீளத்துக்கு வெட்டிக் குவிப்பதும் பாறசாலைப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான். அந்த வருஷம் வெட்டிக் குவித்த பிறகு மழை சில நாட்கள் பிடிவாதமாக விட்டுப்போனது. மறுபடி மழை பெய்து நட வந்தபோது குவியல் பெருத்திருந்தது. "என்ன பொன்னுதாசு, கம்பு கூடியிருக்கு?" என்று சுகுமாரி கேட்டாள். "கூடினா நல்லதாக்கும். குறைஞ்சாத்தான் போலீசுக்குப் போணும்" என்றார் அவர். சில கம்புகள் கையில் எடுத்தபோது கொஞ்சம் மெத்தென்று இருந்தன. சாம்பலும் தவிட்டு நிறமும் கலந்த தோல், இலை உதிர்ந்த இடத்தில் இருக்க வேண்டிய முண்டு, எல்லாம் சரியாக இருந்ததால் இளங்கம்பு என்று நினைத்து இருவரும் மண்ணைக் கூட்டிச் சாய்வாக நட்டார்கள். நட்டவை நின்றன.

சுகுமாரி ஆரியங்கோட்டுப் பெண். பழைய மிஷன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். எழுபத்தாறில் பொழியூர்க் கடப்புறத்து எலியாவைக் கட்டிக்கொண்டு போனாள். எலியா கட்டுமரத்திலும் பிறகு வள்ளத்திலும் கடலுக்குப் போகிறவர், வேறு சபைக்காரர், தெற்கே கடைசி ஊர்க்காரர். மூன்றில் ஒன்றாவது இல்லாமல் இருந்திருந்தால் அண்ணன் ரெத்தினதாஸ் பொறுத்திருப்பார் என்று அப்போது ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவள் வீட்டுக்குக் கூரை போட ஓடு வாங்கிக் கொடுப்பது அண்ணன்மார் வழக்கம். ரெத்தினதாஸ் வாசலில் நின்று, "எனக்க கையிலேந்து ஒரு ஓடு கூட உனக்குக் கிட்டாது, பாத்துக்க" என்றார். சுகுமாரி அந்தச் சொல்லைக் கேட்டு, பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, சீதனம் போலக் கூடவே கொண்டு போனாள். பதினைந்து வருஷம் கடல் ஓரத்தில் ஓலைக்கூரையின் கீழ் இருந்தார்கள். பிள்ளைகள் பிறக்கவில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

தொண்ணூற்றொன்று ஜூன் மாதம் கடல் அந்த வீட்டை எடுத்தது. முதலில் அடுக்களை, பிறகு வாசற்படி, கடைசியில் நடுவீடு. வேலியோரம் நின்ற தெங்குகள் ஒவ்வொன்றாக நடந்து போவது போலத் தண்ணீருக்குள் போயின. இனி இங்கே இருக்க முடியாது என்று பிடிவாதமாகச் சொன்னது சுகுமாரிதான். எலியா வரமாட்டேன் என்றார். வீம்புக்குச் சொல்லவில்லை. அவர் விடியுமுன் கடலுக்குப் போய், திரும்பி வந்து பகலில் தூங்குகிற ஆள். பிறந்தது முதல் அலைச்சத்தம் இல்லாமல் தூங்கியதில்லை. வலைகள் போட்டு வைக்கும் கொட்டகையில் படுத்துக்கொண்டார். சுகுமாரி பிறந்த ஊருக்கு வந்தாள்.

ரெத்தினதாஸ் தன் நிலத்தின் வடக்கு மூலையை ஒன்றும் பேசாமல் ஒதுக்கிக் கொடுத்தார். அவள் மண்கட்டை அறுத்து நாலு சுவரும் எழுப்பி, கமுகந்தடியில் உத்தரமும் கழிக்கோலும் போட்டுவிட்டாள். கூரைதான் இல்லை. அண்ணன் வீட்டுப் பின்புறம் பழைய மாட்டுத் தொழுத்தில் இருந்து இறக்கிய ஓடுகள், பழுதில்லாதவை, அடுக்கி வைத்திருந்தன. அவர் எடுத்துக்கொள் என்று சொல்லமாட்டார். அவள் தா என்று கேட்கமாட்டாள். காலையிலும் மாலையிலும் இரண்டு பேரும் அந்த ஓட்டடுக்கைச் சுற்றிப் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு அவள் தென்னங்கீற்று கட்டிக்கொண்டாள்.

ஞாயிறு தோறும் பூசை முடிந்து எலியா இரண்டு பஸ் மாறி வருவார். கையில் பனையோலைப் பொட்டியில் மீன் இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுப்பார். புரள்வார். கொஞ்ச நேரத்தில் எழுந்து சட்டையை மாட்டுவார். "இஞ்ச காது சும்மா இருக்கு சுகு. சும்மா இருக்குற காதையும் வச்சுகிட்டு எப்படி ஒறங்க?" என்று கேட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போவார். வீடு போன நாளிலிருந்து அவருக்குத் தூக்கத்தில் மூச்சு இடறிக்கொண்டே இருந்தது. தூண்டில் மாட்டியது போல ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். சுகுமாரி அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து பாத்திரம் கழுவுவாள். அவளுக்கும் கடல் வேண்டியிருந்தது. பத்துப் பாத்திரம் கழுவி முடிக்கும் வரை வேண்டியிருந்தது. ஆனால் வரமாட்டேன் என்ற மனிதரிடம் வந்தே ஆக வேண்டும் என்று சண்டை போட்டவள் அவள். இனி எந்த வாயால் சொல்வது?

நட்ட கம்புகளில் பாதி துளிர்த்தன. மீதி துளிர்க்கவில்லை, காயவும் இல்லை. அழுகிவிட்டதோ என்று சுகுமாரி ஒன்றைப் பிடித்து இழுத்தபோது அது விடமாட்டேன் என்றது. பிறகு நடுவில் வளைந்து, வளையம் போலாகி, மறுபடி நிமிர்ந்து பழைய சாய்வில் நின்றது. ஊர் வந்து பார்த்தது. முன்பக்கம் மூன்று ஜோடிச் சின்னக் கால்கள், பின்பக்கம் இரண்டு ஜோடித் தடித்த கால்கள், நடுவில் ஒன்றுமில்லை. அதனால் வாலைத் தலைக்கு அருகே கொண்டுவந்து வைத்து, பிறகு தலையை முன்னால் எறிந்து நடக்கும். செடிகளில் சின்னதாக எல்லோரும் கண்டிருக்கிற சாண்புழுதான். இது நிஜமாகவே ஒரு சாண் இருந்தது, அவ்வளவே. நிற்கும்போது சாய்ந்து விழாமல் இருக்க, வாயிலிருந்து ஒரு நூலை இழுத்துப் பக்கத்துக் கம்பில் கட்டிக்கொண்டன. பகலில் கம்பு, இரவில் புழு. சுகுமாரியின் மரச்சீனி இலையைத் தின்று தீர்த்து, ரெத்தினதாஸின் இலைக்கும் போயின. ஆடி மாதம் ஒரே நாளில் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. நட்ட இடத்தில் குழி மட்டும் இருந்தது. ஊரும் வேறு வேலையைப் பார்க்கப் போனது.

ஐப்பசி மழை தொடங்குகிற நேரம் சுகுமாரி மக்கிப்போன கீற்றை எல்லாம் இறக்கிப் போட்டிருந்தாள். புதுக்கீற்று முடைந்து தீரவில்லை. அன்று காலை மண்ணைத் தள்ளிக்கொண்டு அந்துப்பூச்சிகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றும் முறம் அளவு. மெலிந்த உடம்பு, அகன்ற சிறகு. சுவரேறி, கழிக்கோலில் ஏறி, சிறகை விரித்து, காகிதத்தை ஒட்டியது போலத் தட்டையாக ஒட்டி உட்கார்ந்தன. ஒன்றின் ஓரத்தை அடுத்தது மூடியது. மதியத்துக்குள் கூரை முழுவதும் மூடிவிட்டது. சாயங்காலம் பெய்த மழையில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. வெளிர்மஞ்சள் சிறகில் மெல்லிய நெளிகோடுகள் முன்சிறகில் தொடங்கிப் பின்சிறகு வழியாக ஓடி, அடுத்த பூச்சியின் சிறகிலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. முற்றத்தில் நின்று பார்த்தால் கூரை முழுவதும் அலை அலையாக இருந்தது. சுகுமாரி முடைந்த கீற்றைச் சந்தைக்கு அனுப்பிவிட்டாள்.

பாறசாலையில் பள்ளிக்கூட வாத்தியாரான சோமன் ஸ்கூட்டரில் வந்தது அதற்கு மறுவாரம். வெள்ளை வேட்டியைக் கயிற்றில் கட்டி விளக்கு வைத்து, வருகிற பூச்சியை எல்லாம் உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. அதனால் பெண் கொடுக்க யோசித்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. கூரையைப் பார்த்ததும் அவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட மறந்து, அது சாய்ந்து விழுந்தது. இது அளவுப்புழுக் குடும்பம், சந்தேகமே இல்லை என்றார். நடுக்கால் இல்லாத புழு, பட்டையாக விரித்து உட்காரும் சிறகு, முன்னுக்கும் பின்னுக்கும் தொடர்கிற கோடு, அடிவயிற்றில் காது. காது என்றதும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஆமா, இதுக்குக் காது வயித்துக்க அடியிலாக்கும். அமந்து இருந்து கேட்டுகிட்டே கிடக்கும்" என்றார் சோமன். இந்தக் குடும்பத்துக்குள்ளே பல கிளைகள் உண்டு. மரகதப் பச்சையாக வந்து வெயிலில் வெளுத்துப்போகிறவை, கம்பளம் போலக் கோலம் உள்ளவை, நெளிகோட்டுக்காரர்கள், சுள்ளி வேஷம் போடும் புழுக்களின் கிளை. பின்சிறகில் ஒரு நரம்பு உண்டா இல்லையா என்று பார்த்தால் கிளை தெரிந்துவிடும், அதற்கு ஒரு சிறகு வேண்டும் என்று தயங்கிக் கேட்டார். "சாரே, ஒண்ணு எடுத்தா ஒழுகும்லா" என்றாள் சுகுமாரி. அவரும் ஒத்துக்கொண்டார். தானாக விழுகிற வரை காத்திருக்கிறேன் என்று சொல்லி, ஞாயிறு தோறும் வந்து முற்றத்தில் உட்கார்ந்துகொண்டார். ஊர்க்காரர்கள் அதற்குள் தங்கள் வகையில் பிரித்து முடித்திருந்தார்கள். கூரைக்காரன், சுவர்க்காரன், ஒதுங்கி வேலியில் உட்காருகிறவன் என்று மூன்று ஜாதி.

மழையில்லாத இரவுகளில் கூரை வெளியே போய்விடும். பூ தேடிப் போகிறதோ, இணை தேடிப் போகிறதோ, சொல்லாமல் போய் விடியுமுன் திரும்பிவிடும். அந்த நேரத்தில் சுகுமாரி நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். மழை வரும் இரவென்றால் ஒன்றும் அசையாது.

நவம்பரில் ஒரு ஞாயிறு மழை கொட்டிக்கொண்டிருந்தது. எலியா சாப்பிட்டுவிட்டு வழக்கம் போலப் புரள்வதற்காகப் படுத்தார். பக்கத்தில் சுகுமாரி கண்ணசந்தாள். கொஞ்ச நேரத்தில் கூரையின் தெற்கு விளிம்பில் ஒரு வரிசைச் சிறகுகள் லேசாக எழும்பித் தணிந்தன. அடுத்த வரிசை எழும்பியது. அதற்கடுத்தது. கூரை உச்சி மோடு வரை ஏறி, அங்கே சளசளவென்று உடைந்து, சரசரவென்று இறங்கியது. சின்ன நிறுத்தம். மறுபடி தெற்கிலிருந்து. எலியா இரண்டு அலை கேட்டார். மூன்றாவது வரும்போது தூங்கிவிட்டார். மூன்று மணி பஸ் போனது, ஐந்து மணி பஸ் போனது, பொழியூர்க் கடைசி வண்டியும் போனது. எழுந்ததும் அவர் திகைத்து உட்கார்ந்து, "கடலு இஞ்ச வந்திருக்குட்டி" என்றார். சுகுமாரி, தன் மனம் நோகாமல் இருக்கச் சொல்கிறார் என்று நினைத்தாள். மறுவாரம் வியாழக்கிழமையே வந்தார். டிசம்பரில் கடலுக்கு மட்டும் பொழியூருக்குப் போய், தூங்க ஆரியங்கோட்டுக்கு வர ஆரம்பித்தார். வலைக்கொட்டகையில் இருந்த தன் டிரங்குப் பெட்டியையும் கொண்டுவந்துவிட்டார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது சோமன். முற்றத்தில் உட்கார்ந்து வாரா வாரம் பார்த்ததில், சிறகு எழும்புவதும் தணிவதும் சுகுமாரி மூச்சு விடுவதோடு சேர்ந்து நடக்கிறது என்று தெரிந்தது. பதினைந்து வருஷம் அலைக்கு அருகே தூங்கித் தூங்கி அவள் மூச்சு அலையின் கணக்குக்குப் போயிருந்தது. அடிவயிற்றுக் காதால் கேட்டுக்கொண்டு கிடந்த பூச்சிகள் அதை அப்படியே சிறகுக்குக் கொண்டுபோயின. அவர் இதைச் சாயா குடிக்கும்போது சொன்னார். எலியா சாயாவைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். "அப்போ கடலைக் கொண்டுவந்தது நீயா?" என்று கேட்டார். சுகுமாரிக்குச் சந்தோஷம் வருவதற்குப் பதில் அழுகை வந்தது. அவள் தூங்கினால்தான் அந்தச் சத்தம். அவள் விழித்தால் நின்றுவிடும். எல்லோரும் கேட்கிற கடலை அவள் ஒருத்தி கேட்க வழியில்லை. "எனக்கும் வேணும்னு நான் ஒருநாளும் சொல்லல்ல. அதுக்குத் தண்டனையாக்கும் இது" என்றாள். அதன் பிறகு சில மதியங்களில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவள் போல மூச்சு விட்டுப் பார்த்தாள். பூச்சிகள் ஏமாறவில்லை.

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் ரெத்தினதாஸ் தன் மரச்சீனியைப் பிடுங்கியபோது கிழங்கு விரல் தடிமன்தான் இருந்தது. இலை இல்லாத செடியில் கிழங்கு எப்படி வரும்? பிடுங்கிப் போட்ட தண்டுகளில் வரிசை வரிசையாக முட்டைகள் வேறு. அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. ஒரு ஞாயிறு மதியம் மருந்தைக் கலக்கி, தெளிப்பானை முதுகில் மாட்டி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதலில் கூரை, பிறகு பலாமரத்தடித் தண்டுகள் என்று தீர்மானித்து வடக்கு மூலைக்கு வந்தார். உள்ளே இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூரை அலையடித்துக்கொண்டிருந்தது. ரெத்தினதாஸ் பொழியூருக்கு ஒருநாள் கூடப் போனதில்லை. தங்கையின் வீட்டைப் பார்த்ததில்லை. வீடு போனபோதும் போகவில்லை. பதினைந்து வருஷம் அவள் எதைக் கேட்டுக்கொண்டு தூங்கினாள் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. தெளிப்பானை இறக்கி வைக்கவும் தோன்றாமல் முற்றத்திலேயே நின்றார். மருந்து அவர் முதுகில் ஒழுகிக்கொண்டிருந்தது. சுகுமாரி எழுந்து வெளியே வந்தபோது அவர் மூக்கில் கட்டிய துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன மருந்தும் தூக்கிகிட்டு நிக்குதிய?"

"தெங்குக்கு அடிக்கலாம்னு வந்தேன்."

"இஞ்ச ஏது தெங்கு?"

"இல்லைன்னு இப்பளாக்கும் கண்டேன்."

அவள் சாயா போட்டுக் கொடுத்தாள். தங்கை கையால் அவர் ஏதாவது குடித்தது எழுபத்தாறுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. சர்க்கரை கூடுதல் என்று சொல்லிவிட்டு முழுவதும் குடித்தார்.

தை முடிவதற்குள் பூச்சிகளின் சிறகிலிருந்து தூள் உதிர்ந்தது. கூரை கண்ணாடி போலாகி, பிறகு பூச்சிகள் ஒவ்வொன்றாக முற்றத்தில் விழுந்தன. சோமன் ஒரு சிறகை எடுத்துச் சாராயத்தில் நனைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த நரம்பு இருந்தது. அதன்படி இது நெளிகோட்டுக்காரர்களின் கிளை. ஆனால் புழுவோ சுள்ளிவேஷக் கிளையின் புழு. புழு ஒரு வீடு, சிறகு ஒரு வீடு. சோமன் மிகவும் சங்கடப்பட்டார். ஊருக்கு அதில் சங்கடம் ஒன்றும் தெரியவில்லை. சுகுமாரி எந்தச் சபைக் கணக்கில் வருவாள் என்று மிஷன் சபைப் பாஸ்டரும் பொழியூர்ப் பங்குச் சாமியாரும் இத்தனை வருஷமாக அதே சங்கடத்தில்தான் இருந்தார்கள், அவள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தாள்.

கூரை போனதும் சத்தமும் போனது. எலியா ஒரு வாரம் புரண்டு பார்த்துவிட்டு டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு வலைக்கொட்டகைக்குத் திரும்பினார். சுகுமாரி தடுக்கவில்லை. பஸ் புறப்பட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். இனி அண்ணன் தண்டுகளை என்ன செய்வார் என்பதுதான் கேள்வி. முட்டை இருக்கிற தண்டை எவராக இருந்தாலும் எரித்துவிடுவார்கள். தொந்தரவு இல்லாத ரப்பர் போட ஏற்ற நிலமும்கூட. கேட்கவும் அவளால் முடியாது, அது ஓடு கேட்பது போலத்தான்.

மே மாதம் மழை விழுந்த மறுநாள் பலாமரத்தடியில் ரெத்தினதாஸ் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்தார். பொன்னுதாஸ் கம்பு எடுத்துக் கொடுக்க, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தார். "கட்டியா இருக்குறதை நீ கொண்டுபோய் எங்கயாவது நடு. மெத்துன்னு இருக்குறதை எனக்க கையில தா" என்றார். மெத்தென்று இருந்தவற்றை, சாணியும் சாம்பலும் போட்ட தன் நல்ல மண்ணில், சுகுமாரி வீட்டுச் சுவருக்குப் பக்கமாக, தெரிந்தே, ஒவ்வொன்றாக நட்டார். பக்கத்தில் நூல் கட்டிக்கொள்ள ஒரு கட்டைக் கம்பும் நட்டார். சுகுமாரி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரை அவர் கையிலிருந்து ஒரு ஓடு கூட அவளுக்குப் போகவில்லை. பாசி பிடித்த அந்த ஓட்டடுக்கு பிறகு கோழிக்கூட்டுக்கு ஆயிற்று.

ஐப்பசியில் கூரை வந்தது. டிரங்குப் பெட்டியும் வந்தது. அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அப்படியே. ரப்பர் விலை ஏறி, சுற்றியிருந்த மரச்சீனி எல்லாம் ரப்பராக மாறிய காலத்திலும் ரெத்தினதாஸின் அந்தத் துண்டு நிலம் மாறவில்லை. எதற்கு விரல் தடிமன் கிழங்கு என்று கேட்டவர்களிடம் எனக்கு அதுதான் ருசி என்றார். எலியா தை மாதம் போய் ஐப்பசியில் வருகிறவர், ஒரு வருஷம் மாசி வரை இருந்தார், ஒரு வருஷம் சித்திரை வரை. தொண்ணூற்றேழில் போகவே இல்லை. கூரை இல்லாத மாதங்களில் கீற்றுக்குக் கீழே, சுகுமாரியின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால் தூக்கம் வருகிறது என்றார். பெட்டியின் பூட்டு துருப்பிடித்துப் போனது.

தொண்ணூற்றொன்பது நவம்பரில் ஒரு ஞாயிறு நல்ல மழை. சாப்பிட்டுப் படுத்ததும் எலியா தூங்கிவிட்டார். சுகுமாரிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு, தூக்கம் வராமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கு விளிம்பில் ஒரு வரிசை எழும்பியது. காற்று என்று நினைத்தாள். அடுத்த வரிசை எழும்பியது. அலை மோட்டுக்கு ஏறி, உடைந்து, சரசரவென்று இறங்கியது. அவள் கன்னத்தில் வைத்த கையை எடுத்தாள். மறுபடி தெற்கிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தாள். எலியாவின் நெஞ்சு நீளமாக ஏறி நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருஷமாக இருந்த அந்த இடறல் எங்கேயும் இல்லை. அவள் பக்கம் திரும்பித் தூங்கித் தூங்கி அவர் மூச்சு அவள் மூச்சாகிவிட்டிருந்தது. சுகுமாரி அசையாமல் படுத்துக் கேட்டாள். ஒவ்வொரு அலைக்கும் பொழியூர் வீட்டிலிருந்து ஒவ்வொன்று திரும்பி வந்தது. அடுக்களையின் புகை, உப்புக் காற்றில் நமுத்த தீப்பெட்டி, வாசற்படியில் காயும் வலையின் வாடை, வேலியோரத் தெங்கு. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவள் கண்ணைத் துடைக்கக் கூடக் கையைத் தூக்கவில்லை. சாயங்காலம் வரை கேட்டாள்.

எலியா எழுந்ததும், "கடலு வந்திருந்து" என்றாள்.

"நான் அப்பளே சொன்னேன்லா" என்றார் அவர்.

மறுநாள் நெய்யாற்றின்கரையில் டாக்டரிடம் காட்டி, அந்தப் பல்லை எடுத்தார்கள். கூரை அந்த வருஷமும் தை வரை இருந்தது.